தோல்கன்று நக்கிய ஊர்

வாய்க்காலுக்கு இக்கட்டே, இந்தப் பக்கக் கரையில், நூற்றிருபது வீடும், முந்நூறு எருமையும், எருமைக்கு ஒன்று வீதம் வம்பும் உள்ள மூங்கில்வலசில், மாட்டுப்பொங்கல் முடிந்த மறுநாள் காலை, பால் சொசைட்டித் தலைவர் கருப்பணன் வீட்டுக் கட்டுத்தறியில் நின்றிருந்த தோல்கன்று, தன்னை நக்கிக்கொண்டிருந்த எருமையைத் திருப்பி நக்கியது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று ஊர் முடிவு செய்ய அரை மணி நேரம் ஆனது. அதிலும் கால் மணி நேரம் டீ வருவதற்காகக் காத்திருந்த நேரம்.

தோல்கன்று என்றால் பெரிய விஷயமில்லை. கன்று செத்துப்போன எருமை மடியை இறுக்கிக்கொண்டு நிற்கும், பால் இறங்காது. செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்து, நாலு குச்சியைக் காலாக்கி முன்னால் நிறுத்தினால், தன் பிள்ளைதான் என்று நம்பி நக்கி நக்கிப் பாலை விட்டுவிடும். நடுவில் சில வருடம் இந்தக் கஷ்டமெல்லாம் எதற்கென்று ஊரே ஓர் ஊசியைப் போட்டுக் கறந்துகொண்டிருந்தது. போட்ட கொஞ்ச நேரத்தில் மடி தானாகத் திறக்கும். அந்த ஊசி கூடாது என்று அதிகாரிகள் கொட்டகை கொட்டகையாகத் தேட ஆரம்பித்த பிறகு மறுபடியும் தோலும் வைக்கோலும் வந்தன. ஏமாற்றுவது என்று முடிவாகிவிட்டால் வழியா இல்லை.

எருமையை நக்கி முடித்த தோல்கன்று, கறந்துகொண்டிருந்த கருப்பணனின் இடது கன்னத்தையும் ஒரு தடவை நக்கியது. வைக்கோல் வாசமும் கொஞ்சம் சொரசொரப்பும் தவிர வேறொன்றும் தெரியவில்லை என்று அவர் பின்னால் சொன்னார். ஆனால் அந்த நிமிடமே சொம்பைக் கீழே வைத்துவிட்டு, கட்டியிருந்த லுங்கியோடு, பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி வீட்டுக்கு நடந்துபோய், பல் விளக்கிக்கொண்டிருந்த தம்பியைக் கட்டிப்பிடித்து, "என்ற ராசா, ஒரு கெணத்துக்காகவாடா உன்னைய விட்டுப்போட்டேன்" என்று கதறினார். அண்ணனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று தம்பி நினைத்தான். அவனையும் இழுத்துக்கொண்டு போய் நக்கவிட்ட பிறகு நினைக்கவில்லை. இரண்டு பேரும் கிணற்று மேட்டில் உட்கார்ந்து உச்சிப்பொழுது வரைக்கும் அழுதார்கள். அன்றைக்கு அந்த இரண்டு வீட்டு எருமைகளுக்கும் யாரும் தண்ணீர் காட்டவில்லை.

மறுநாளே தோல்கன்று சொசைட்டிக் கட்டடத்துக்கு இடம் மாறியது. பால் கேன் அடுக்கும் மேடைக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு சாக்கு விரித்தார்கள், மாலை போட்டார்கள், மாலையை எருமைகள் தின்றுவிடுவதால் பிளாஸ்டிக் மாலை போட்டார்கள். நிர்வாகக் குழு கூடி விதிமுறை வகுத்தது: உறுப்பினர் அட்டை உள்ளவர்களுக்குக் காலையில் பால் ஊற்றிய பிறகு ஒரு நக்கு, சாயங்காலம் ஒரு நக்கு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு அரை நக்கு, விருந்தாளிகளுக்குக் கிடையாது. வரிசையில் முண்டியடிப்பவர்களைப் பின்னால் அனுப்புவது என்றும் முடிவானது, ஆனால் முதல் நக்கு வாங்கியவர்கள் முண்டியடித்தவர்களையும் கட்டிப்பிடித்துக்கொண்டு நகர மறுத்ததால் அந்த விதி அமலுக்கு வரவில்லை.

ஊர் கரைந்துபோனது. மாமியாரும் மருமகளும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள், ஒருவர் வாயிலிருந்து மற்றவர் பிடுங்காத குறை. பஸ்ஸுக்குக் கிளம்பியவர்கள் வழியில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் கட்டித்தழுவி நலம் விசாரித்ததில் ஒன்பது மணி பஸ் பத்து நாளாகக் காலியாகவே போனது. வரப்புத் தகராறுகள் மட்டும் ஓயவில்லை, திசைதான் மாறின. "அந்த ஒரு மொழம் நீங்களே வெச்சுக்குங்க", "இல்லீங்க, நீங்கதான் வெச்சுக்கோணும்" என்று ஆரம்பித்து, யாருக்கு யார்மேல் பாசம் அதிகம் என்று சட்டையைப் பிடிக்கும் அளவுக்கு முன்பைவிடப் பலமாக நடந்தன. பாசம் முற்றிய வீடுகளில் அடுப்பில் சாதம் தீய்ந்தது.

கோகிலவாணி மட்டும் கரையவில்லை.

அவள் அந்தச் சொசைட்டியில் ஐந்து வருடமாகப் பால் சோதிப்பவள். கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்த்து, "தண்ணி இருக்குதுங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் வேலை. அதனால் ஊரில் ஒருவருக்கும் அவளைக் கண்டால் ஆகாது. அதே சொசைட்டியில் கேன் ஏற்றும் நல்லசிவத்தைக் கல்யாணம் செய்து, மார்கழி பிறந்த வாரத்தில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றிருந்தாள். தாய் இல்லாதவள் என்பதால் தலைப்பிரசவத்துக்கு அப்பன் வீட்டுக்குப் போகவில்லை, மாமியார் மயிலாத்தாளின் வீட்டிலேயே இருந்தாள்.

பிரசவமான நாலாவது நாளிலிருந்து அவளுக்குள் எதுவோ அணைந்துபோயிருந்தது. குழந்தையைக் கையில் வாங்கும்போதெல்லாம், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி "கொஞ்சம் புடிச்சுக்குங்க" என்று கொடுத்துவிட்டு இறங்கிப்போய்விட்ட பையைப் பிடித்திருப்பது போல இருந்தது. தன்னுடையதில்லை, கீழே வைக்கவும் முடியாது. ஆனாலும் இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கொடுத்தாள், துணி மாற்றினாள், வெந்நீரில் குளிப்பாட்டினாள், எல்லாவற்றையும் பால் சோதிக்கும் அதே கவனத்தோடு செய்தாள். குழந்தை தூங்கினால் அவளுக்குத் தூக்கம் வராது. கிணற்றடிக்குத் துணி துவைக்கப் போனபோது ஒரு நாள் அவளுக்குத் திரும்பி வரவே தோன்றவில்லை, அது அவளையே பயமுறுத்தியது. அன்றிலிருந்து வீட்டுக்குள்ளேயே பக்கெட்டில் துவைத்துக்கொண்டாள். இதை யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களும் இல்லை, கேட்டவர்கள் எல்லாம் குழந்தை எடை என்ன என்றுதான் கேட்டார்கள்.

ஊர் கரைந்த பிறகு அவள் கரையாதது கண்ணை உறுத்த ஆரம்பித்தது. நல்லசிவம் அவளைத் தோல்கன்றிடம் கூட்டிப்போனான். அது அவள் இடது கன்னத்தை நக்கியது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

"எப்படி இருக்குது அம்மிணி?" என்றார் கருப்பணன், கண்ணீரோடு.

"ஈரமா இருக்குதுங்க" என்றாள் கோகிலவாணி.

வலது கன்னத்தை நக்கவிட்டார்கள், நெற்றியை நக்கவிட்டார்கள். மூன்றாவது நக்குக்குப் பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழந்தைக்குப் பால் கொடுக்கிற நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள். வைக்கோலுக்கே இரங்கிய ஊரில் வயிற்றுப் பிள்ளைக்கு இரங்காத ஒருத்தி இருக்கிறாள் என்ற செய்தி, அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் கடைசித் தெருவரைக்கும் போய்ச் சேர்ந்தது.

மயிலாத்தாள் கெட்டவள் இல்லை. நாற்பது வருடமாக எருமை வளர்ப்பவள், அவ்வளவுதான். அவளுக்குத் தெரிந்த வைத்தியத்தை அவள் செய்தாள்.

"தலைச்சன் ஈத்துல எருமைகூடச் சிலது கன்னை அண்ட விடாதுடா நல்லசிவம். அதுக்கு ஒண்ணும் பயப்பட வேண்டாம். கன்னு மேல தவிட்டையும் உப்பையும் தூவி உட்டா, தானா வந்து நக்கும். ஒரு தடவ நக்கிருச்சுன்னா அப்பறம் பிரிக்க முடியாது."

நல்லசிவம் அதைக் கேட்டு அம்மாவின் அறிவை நினைத்து நெகிழ்ந்து அழுதான். அன்று மத்தியானம் குளித்து முடித்திருந்த குழந்தையின் மேல் ஒரு படி தவிடும் ஒரு கை உப்பும் விழுந்தன. மாமியாரும் மகனும் கதவோரம் ஒளிந்துகொண்டு, இவள் எப்போது குனிவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோகிலவாணி வந்தாள், பார்த்தாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் மறுபடியும் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினாள். கழுத்து மடிப்பிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டிய தவிட்டை ஈரத்துணியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது.

"நக்கலையேம்மா" என்றான் நல்லசிவம்.

"கல்லுடா அவ" என்றாள் மயிலாத்தாள்.

இதற்குள் பாசத்துக்கு இன்னொரு வேலையும் வந்திருந்தது. வாய்க்காலுக்கு அக்கட்டே இருக்கும் அக்கரைவலசுக்காரர்கள் வேறு சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர்கள். அவர்களுக்குத் தோல்கன்று இல்லை. நேற்றுவரை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தவர்கள்தான், ஆனால் நக்கு வாங்கிய பிறகு பார்த்தால் அவர்களிடம் ஒரு வாடை அடிப்பதாக முதலில் இரண்டு பேருக்கும், பிறகு இருபது பேருக்கும், பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. நம்மவர்கள்மேல் எவ்வளவு பாசம் ஊறியதோ அதே அளவுக்கு அவர்கள்மேல் சந்தேகமும் ஊறியது. அவர்கள் கன்றைத் திருட வரப்போகிறார்கள், வாய்க்காலில் எதையோ கலக்கப்போகிறார்கள், நம் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கிறார்களே அது எதற்கு? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரே திரண்டு, தோளோடு தோள் நின்று, ஒருவர் கையில் தைத்த முள்ளை மற்றவர் எடுத்துவிட்டு, பாலத்தின் குறுக்கே ஆள் உயரத்துக்கு வேலமுள் வேலி போட்டது. இவ்வளவு ஒற்றுமையாக மூங்கில்வலசு அதற்கு முன் எந்த வேலையும் செய்ததில்லை என்று பெரியவர்கள் பெருமைப்பட்டார்கள்.

துணை சுகாதார நிலையம் அக்கரைவலசில் இருந்தது. வாரம் ஒரு தடவை ஸ்கூட்டரில் வந்து, பிள்ளை பெற்றவர்களையும் பெறப்போகிறவர்களையும் பார்த்துவிட்டுப் போகும் நர்ஸ் ஜெயக்கொடி, வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுபோனாள். உள்ளே விடச் சொல்லிக் கத்தினாள், வாடை அடிக்கிறது என்று மூக்கைப் பொத்தினார்கள். அதற்கடுத்த வாரம் அவள் கத்தவில்லை, வாய்க்கால் கரையிலேயே நடந்து, புளியமரத்துக்கு நேரே தண்ணீர் எடுக்க வந்த கோகிலவாணியைக் கண்டுபிடித்தாள். நடுவில் வாய்க்கால் ஓடியது.

"பால் நல்லாக் குடிக்கிறாளா?"

"குடிக்குதுங்க."

"நீ தூங்கறயா?"

கோகிலவாணி குடத்தைக் கீழே வைத்தாள். நாற்பது நாளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். "இல்லீங்க நர்ஸம்மா" என்றாள். அப்புறம் கேட்காமலேயே, கிணற்றடியில் ஒரு நாள் நின்றதைச் சொன்னாள். குழந்தையைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றவில்லை என்பதையும், ஊரே அழும்போது தனக்கு மட்டும் கண் வறண்டிருப்பதையும், தான் கல்தானோ என்பதையும் சொன்னாள். சொல்லும்போதும் அவள் குரல் அசையவில்லை.

"கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. இது சீக்கு. பெத்தவங்கள்ல நூத்துக்குப் பத்துப் பேருக்காவது வருது, பாதிப் பேரு வெளிய சொல்றதில்ல. மாத்திரை இருக்குது, ஒக்காந்து பேசறதுக்கு டாக்டர் இருக்காங்க. வியாழக்கிழம பெரியாஸ்பத்திரிக்குப் போலாம், பிள்ளையத் தூக்கிட்டு இங்க வந்துரு. கெணத்துப் பக்கம் போவாத. அதுக்கு முந்தி மனசு என்னமோ பண்ணுச்சுன்னா, வேலிப் பக்கம் வந்து ஒரு சத்தம் குடு, நான் முள்ளுல உழுந்தாவது வாரேன்."

"கன்னு நக்கினா செரியாயிரும்னாங்க."

நர்ஸுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. "ஆக்ஸிடோசின்னு ஒண்ணு ஒடம்புக்குள்ள ஊறும் கண்ணு. உங்கூர்ல எருமைக்குப் போட்டீங்களே ஊசி, அதுலயும் அதுதான், பிரசவத்தன்னைக்கு உனக்குக் குளுக்கோஸ்ல ஏத்துனதும் அதுதான். பாலை எறக்கும், பக்கத்துல இருக்கறவங்க மேல பிடிப்பக் குடுக்கும். அதையே பாசம்னு உங்காளுங்க முடிவு பண்ணிட்டாங்க. கன்னு போட்ட மாட்டப் பாத்துருக்கற இல்ல? தன் கன்னை நக்கற மாடுதான் பக்கத்துக் கன்னு வந்தா முட்டித் தள்ளுது. ரெண்டும் அந்த ஊத்துலருந்து வாரதுதான்." வேலியைத் திரும்பிப் பார்த்தாள். "உங்கூருக்கு இப்ப ரெண்டும் நெறைய ஊறிக் கெடக்குது."

அதே வியாழக்கிழமைக்குத்தான் சொசைட்டி அவசரப் பேரவைக் கூட்டம் போட்டிருந்தது. காலை பத்து மணிக்கு எல்லோரும் ஒரு சிறப்பு நக்கு வாங்கிக்கொண்டு தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவிருந்த கோகிலவாணியையும் குழந்தையோடு கூட்டிவந்து சுவரோரம் உட்காரவைத்தார்கள். ஒரே தீர்மானம்: பாசமில்லாத தாயிடம் ஊர்ப் பிள்ளை வளரக் கூடாது, குழந்தையைத் தலைவர் வீட்டம்மா வசம் ஒப்படைப்பது, கோகிலவாணியை அவள் அப்பன் ஊருக்கு அனுப்பிவைப்பது. வாசித்து முடிக்கும் முன்பே கருப்பணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நமக்கு அவ மேலயும் கோவமில்லீங்க. பாசத்துலதான் அனுப்பறோம்" என்றார்.

கைதட்டல் ஓய்ந்ததும் குழந்தையை ஒரு தடவை கொஞ்சிக்கொள்ள வேண்டும் என்று முன்வரிசைக்காரி ஒருத்தி கையை நீட்டினாள். அவளிடமிருந்து அடுத்தவள், அவளிடமிருந்து அடுத்தவர். "என்ற சாமி", "என்ற தங்கம்" என்று மடிக்கு மடி, முத்தத்துக்கு முத்தம் குழந்தை போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மடியிலும் இரண்டு சொட்டுக் கண்ணீராவது அதன்மேல் விழுந்தது. பதினொன்றரைக்கு அது அழ ஆரம்பித்தது. நம் பாசம் குழந்தைக்கும் தொற்றிக்கொண்டது என்று கூட்டம் பூரித்து இன்னும் பலமாக அழுதது. பன்னிரண்டுக்குக் குழந்தையின் முகம் சிவந்து, கை கால் விறைத்தது. தலைவர் வீட்டம்மா அதைத் தன் கன்னத்தோடு அழுத்திக்கொண்டு, உலகத்திலேயே தன்னைப்போல யாரும் ஒரு பிள்ளையை நேசிக்க முடியாது என்று சத்தமாகச் சொன்னாள். அதன் துணி நனைந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

சுவரோரம் உட்கார்ந்திருந்த கோகிலவாணி எழுந்தாள். கோபப்படவில்லை, அதற்குத் தேவையான எதுவும் அவளுக்குள் மிச்சமில்லை. மடிகளைத் தாண்டிப் போய்க் குழந்தையை வாங்கினாள்.

"பாசமே இல்லாதவ எதுக்கு அம்மிணி அதத் தூக்கற?" என்றாள் தலைவர் வீட்டம்மா.

"பசிக்குதுங்க அதுக்கு."

சொல்லிவிட்டு நடந்தாள். கூட்டம் அவளைத் தடுக்க எழுந்தது உண்மைதான். ஆனால் எழுந்தவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள், விட மனமில்லை. வாசல் ஓர் ஆள் போகும் அகலம்தான். யார் முதலில் போவது என்பதில் "நீங்க போங்க", "இல்ல, நீங்க போங்க" என்று அங்கேயே பாசம் பொங்கி நின்றுவிட்டது. நல்லசிவம் மட்டும் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடி வந்தான்.

அவள் அதற்குள் பாலத்தில் குழந்தையை முந்தானையால் மார்போடு கட்டிக்கொண்டு, வேலமுள்ளை ஒவ்வொரு கிளையாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். முழங்கைவரைக்கும் ரத்தக் கோடுகள்.

"உன்னைய விட்டு என்னால இருக்க முடியாது கோகிலா" என்று அவன் கதறினான். "உசுரு போயிரும் எனக்கு."

"அழுகாதீங்க. இந்தக் கெளையச் சித்த புடிச்சுக்குங்க."

அவனுக்குக் கண்ணீரில் கிளை தெரியவில்லை. அவளே இடுப்பால் முட்டி விலக்கி அந்தப் பக்கம் போனாள். முள் தடுத்த ஸ்கூட்டரை ஓரமாகப் போட்டுவிட்டு ஓடி வந்துகொண்டிருந்த ஜெயக்கொடியிடம், "முதல்ல ஒக்கார எடம் காட்டுங்க, பால் குடுக்கோணும்" என்றாள்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளிடம் நிறையக் கேட்டார், கொஞ்சமாகச் சொன்னார். பிள்ளையோடு வார்டில் சேர்த்து மாத்திரை கொடுத்தார்கள், நாலு வாரம் பொறுக்க வேண்டும் என்றார்கள், ஒரே நாளில் எதுவும் மாறாது என்றார்கள். முதல் நாள் பகலில் ஜெயக்கொடி பிள்ளையை வைத்துக்கொண்டு, பால் கொடுக்க மட்டும் எழுப்பிவிட்டு, மற்ற நேரமெல்லாம் அவளைத் தூங்கவிட்டாள். தினமும் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசினார்கள். ஒரு கண்ணீர் இல்லை, ஒரு தழுவல் இல்லை, மூங்கில்வலசுக்காரர்கள் பார்த்திருந்தால் இதெல்லாம் ஒரு வைத்தியமா என்று கேட்டிருப்பார்கள்.

ஊரில் தோல்கன்று இன்றுவரை நக்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் வேலியைப் பிரித்தவளின் புருஷன் என்பதால் நல்லசிவத்தின் அட்டையை இரண்டு வாரம் கழித்துச் சொசைட்டி ரத்து செய்துவிட்டது. தீர்மானத்தில் கையெழுத்திட்ட அத்தனை பேரும் அவனைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுத்தான் வெளியே தள்ளினார்கள். நக்கு இல்லாமல் முதல் மூன்று நாள் அவன் கட்டிலில் சுருண்டு கிடந்தான். நாலாம் நாள் தூங்கினான். ஐந்தாம் நாள் கண் விழித்தபோது, உலகத்தின்மேல் அவனுக்கு ஒரு பாசமும் இல்லை, மூலையில் நாறிக்கொண்டிருந்த குழந்தைத் துணிக் குவியல்தான் தெரிந்தது. எரிச்சலாக இருந்தது. எரிச்சலோடு துவைத்தான், துவைத்த கையோடு எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினான்.

அவன் வார்டுக்குள் நுழைந்தபோது கோகிலவாணி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், குழந்தை மடியில் சிணுங்கிக்கொண்டிருந்தது. பையை நீட்டினான். அவள் ஒரு துணியை எடுத்து, விரித்து, இரண்டு விரலால் பிழிந்து பார்த்தாள். தண்ணீர் சொட்டியது.

"ஈரத்துணியவா கொண்டாந்தீங்க?"

"காய்றதுக்கு நேரமில்ல. வெயில் பக்கந்தான் சீட்டுப் புடிச்சு வந்தேன்."

"வெயில் பக்கம் ஒக்காந்தா பைக்குள்ள இருக்கறது காஞ்சுருமா?" அவள் குரல் ஏறியது. பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். "வாரக்கணக்கா எட்டிப் பாக்கல. வந்ததும் வந்தீங்க, நனைஞ்ச மூட்டையக் கட்டிட்டு வந்துருக்கீங்க. மாசிப் பனி கொட்டுது, இத எடுத்துக் கட்டி உட்டா என்ற புள்ளைக்குச் சளி புடிக்காதா? கொஞ்சமாச்சும் ரோசனை வேண்டாம்? ஏனுங், உங்களத்தான் கேக்கறேன்!"

திட்டத் திட்ட அவள் குழந்தையை வாரித் தோளில் போட்டு, ஈரம் படாதபடி ஒரு கையால் அதன் முதுகை மூடிக்கொண்டாள். "என்ற புள்ளை" என்று தான் சொன்னதை அவள் கவனிக்கவில்லை. நல்லசிவம் கவனித்தான். ஆனால் இப்போது வாயைத் திறந்தால் இன்னும் நாலு சேர்த்து விழும் என்று தெரிந்ததால், ஒவ்வொரு துணியாக உதறி ஜன்னல் கம்பியில் காயப்போட ஆரம்பித்தான்.